கிரகணம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த ஊரில் என்றும் கேளுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஏழாம் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையை என்னிடம் தாங்கிய உங்களுக்கு இது ஒன்றும் பெரிதல்ல. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "வரும் ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை அன்று முழு சூரிய கிரகணம். இரவு 9.04 முதல் 1.28 வரை. கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது. இதை பத்து பேருக்கு அனுப்பவும்." அதற்குக் கீழே பதினேழு கும்பிடு. நம் வீட்டில் அந்த நேரத்தில் எட்டாவது மாதத்தில் இருக்கப் போகும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் எனக்குத் தனியாகப் போன் செய்து, "பெரியம்மா, அன்னிக்கு ராத்திரி மாத்திரை போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தச் செய்தியை இன்னொரு முறை படியுங்கள். சூரிய கிரகணம், இரவு ஒன்பது மணிக்கு! பதினேழு பேரில் ஒருவருக்குக்கூட, "ராத்திரி ஒன்பது மணிக்கு சூரியன் எங்கே இருக்கும்?" என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரக்கணக்கு சரியானதுதான். 2026 ஆகஸ்ட் 12 அன்று உண்மையாகவே முழு சூரிய கிரகணம் இருக்கிறது. இந்திய நேரப்படி சுமார் இரவு 9.04-க்கு உலகின் ஏதோ ஒரு மூலையில் பகுதி கிரகணம் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 1.28 வாக்கில் இன்னொரு மூலையில் முடிகிறது. நிலவின் கருநிழல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக வந்து, ஸ்பெயினில் சூரியன் மறையப் போகும் வேளையில் தரையை விட்டு விலகும். அதிகபட்சம் 2 நிமிடம் 18 வினாடி, ஐஸ்லாந்துக்கு அருகே. அப்போது நமக்கு இரவு 11.16. சூரியன் நம் காலுக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும். நேரம் சரி, ஆனால் ஊர் இல்லை. ஊர் இல்லாத நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறோம்.

கிரகணத்துக்கு இரண்டு கேள்விகள்

நான் வகுப்பில் சொன்னதை இங்கே திரும்பச் சொல்கிறேன். சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். நிலவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். சூரியன் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு வட்டமாகத் தெரிகின்றன. நிலவு குறுக்கே வந்தால் சூரியனைச் சரியாக மூட முடிகிறது. நிலவு சற்றுத் தள்ளி இருக்கும் காலத்தில் முழுவதும் மூட முடியாமல் ஓரம் வளையமாகத் தெரியும். அது வளைய கிரகணம்.

நிலவின் கருநிழல் பூமியில் விழும் இடம் ஒரு குறுகிய பட்டை. அகலம் அநேகமாக 100, 200 கிலோமீட்டர், மிஞ்சிப் போனால் அதற்கும் கொஞ்சம் மேலே. அந்தப் பட்டைக்குள் இருப்பவருக்குத்தான் முழு கிரகணம். பட்டைக்கு வெளியே புறநிழலில் இருப்பவருக்குப் பகுதி கிரகணம். அதற்கும் வெளியே இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை, அது வழக்கமான ஒரு நாள்.

நிழல் நிற்பதும் இல்லை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு ஊருக்கும் நேரம் வேறு. பஸ் நிலையத்தில், "மதுரை பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால், "எந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள் அல்லவா? கிரகணமும் அப்படித்தான். எந்த ஊர் என்று சொல்லாமல் நேரம் மட்டும் சொல்லும் செய்தி, செய்தியே அல்ல.

போன மார்ச் 3-ஆம் தேதி சந்திர கிரகணத்தின்போதும் இதுதான் நடந்தது. "மாலை 3.20 முதல் 6.47 வரை கிரகணம்" என்று போட்டார்கள். கணக்கு சரி. ஆனால் அன்று நம் ஊரில் நிலவு உதித்ததே ஆறேகால் மணிக்கு மேல்தான். முழு கிரகணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நமக்குக் கிடைத்தது கடைசி அரைமணி நேரத்துக்கும் குறைவான பகுதி கிரகணம் மட்டுமே. மூன்று மணியிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனை! உதிக்காத நிலவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டோம்.

அமாவாசை தெரிந்த பாட்டிக்குத் தெரியும்

கடந்த ஆண்டு இன்னொரு செய்தி சுற்றியது நினைவிருக்கும். "2025 ஆகஸ்ட் 2 அன்று உலகம் முழுவதும் ஆறு நிமிடம் இருளில் மூழ்கும்." எனக்கே இருபது பேர் அனுப்பினார்கள். அதில் இன்ஜினீயர்கள் பாதி.

சூரிய கிரகணம் அமாவாசை அன்று மட்டுமே வரும். நிலவு சூரியனுக்கும் நமக்கும் நடுவே வருவது அன்றுதான். 2025 ஆகஸ்ட் 2 ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். அமாவாசை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாயங்காலம் வாசலில் நின்று பார்த்திருந்தால் பாதி நிலவு தலைக்கு மேல் தெரிந்திருக்கும். படிக்காத என் பாட்டி இருந்திருந்தால், "அமாவாசை கழிஞ்சு இத்தனை நாளாச்சு, இப்ப ஏதுடி கிரகணம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நமக்கு மேலே அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

அந்தப் புரளிக்கும் ஒரு வேர் உண்டு. உண்மையான தேதி 2027 ஆகஸ்ட் 2. இரண்டு வருடத்தை விழுங்கிவிட்டு, "உலகம் முழுவதும்" என்பதைச் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் நேரம் தப்பு, ஊர் தப்பு.

2027 ஆகஸ்ட் 2: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்

இந்தக் கிரகணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் என்னிடம் படித்தவர்களில் பலர் சவுதியிலும் துபாயிலும் இருக்கிறீர்கள்.

அது திங்கட்கிழமை. கருநிழல் ஸ்பெயினின் தெற்கு முனையையும் மொராக்கோவையும் தொட்டு, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. எகிப்தின் லக்சர் நகரத்துக்குப் பக்கத்தில் 6 நிமிடம் 23 வினாடி இருட்டும். இந்த நூற்றாண்டில் 2009-இல் வந்தது இதைவிட நீளம், ஆனால் அதன் நீண்ட பகுதி நடுக்கடலில் போய்விட்டது. தரையில் நின்று இவ்வளவு நேரம் பார்க்கும் வாய்ப்பு சுலபத்தில் கிடைக்காது.

ஜெத்தாவில் சுமார் 6 நிமிடம், மெக்காவில் சுமார் 5 நிமிடம் முழு கிரகணம். பகல் ஒன்றரை மணிக்குள் நடந்து முடிந்துவிடும். உச்சி வெயிலில் திடீரென்று அந்தி சாய்ந்ததுபோல் ஆகி, நட்சத்திரங்கள் தெரியும். கருவட்டத்தைச் சுற்றிச் சூரியனின் வெள்ளை ஒளிமகுடம் விரிந்து நிற்கும். ஜெத்தாவில் இருப்பவர்கள் அன்று ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

ரியாத்திலும் துபாயிலும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு அன்று பகுதி கிரகணம் மட்டுமே. இதைச் சாதாரண வித்தியாசமாக நினைக்காதீர்கள், கண் பார்வை சம்பந்தப்பட்டது. ஜெத்தாக்காரர் முழுவதும் மூடிய அந்த ஆறு நிமிடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கலாம். சூரியனின் ஓரம் முளைத்த அடுத்த நொடியே மறுபடி போட்டுவிட வேண்டும். ரியாத்காரர் ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது. ஜெத்தாவில் இருக்கும் நண்பன் போனில், "கழற்றிப் பாருடா, அற்புதமா இருக்கு" என்று சொன்னால் கேட்காதீர்கள். அவன் ஊரும் உங்கள் ஊரும் வேறு.

தொண்ணூற்றொன்பது சதவீதம் மறைந்தாலும் அது முழு கிரகணம் ஆகாது. இந்த வருடக் கிரகணத்தில் ஸ்பெயினின் இரண்டு பெரிய நகரங்கள், மாட்ரிட்டும் பார்சிலோனாவும், பட்டைக்கு மயிரிழையில் வெளியே நிற்கின்றன. அங்கே இருப்பவருக்கு ஒளிமகுடம் தெரியாது. கண்ணாடியையும் கழற்ற முடியாது. கொஞ்ச தூரம் காரில் போனால் எல்லாம் கிடைத்துவிடும்.

நம் தமிழ்நாட்டில் 2027-இல் மாலை நேரத்தில், மேற்கு வானில், சூரியனின் ஒரு பகுதி கடிபட்ட பிஸ்கட் போல் தெரியும். அதுவும் ஆடி அமாவாசைதான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

திரும்பி வரும் கிரகணம்

2027-இல் வருவது புது விருந்தாளி அல்ல. 2009 ஜூலை 22 காலையில் சூரத், பாட்னா வழியாகப் போனதே, அதன் மறுவருகை. பீகாரில் தாரேக்னா என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடி, மேகம் மூடி ஏமாந்தார்களே, அதே வரிசைதான். 18 வருடம், 11 நாள், 8 மணி நேரம் கழித்து ஒரு கிரகணம் ஏறக்குறைய அதே மாதிரி திரும்ப வரும். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால் நிழல் அதே ஊரில் விழாமல் மேற்கே தள்ளிப் போகிறது. 2009-இல் நமக்கு வந்தது 2027-இல் எகிப்துக்குப் போவது இதனால்தான். மூன்று சுற்று முடிந்தால், அதாவது 54 வருடமும் ஒரு மாதமும் கழிந்தால், ஏறக்குறைய அதே தீர்க்கரேகைக்குத் திரும்பும். 1955 ஜூன் 20 அன்று இலங்கையில் தெரிந்த முழு கிரகணமும் இதே வரிசைதான். 1955-ஐயும் 2009-ஐயும் கழித்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே பிடிபடும்.

இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட முடிகிற ஒன்று எப்படி அபசகுனம் ஆகும்? எனக்கு இது புரிந்ததே இல்லை. அபசகுனம் சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டும் அல்லவா? இது நூறு வருடத்துக்கு முன்பே தேதி கொடுத்துவிட்டு வருகிறது.

கணக்குப் போடுவதில் நம்மவர்கள் குறைந்தவர்களும் அல்ல. ஆரியபட்டர் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே நிலவு சூரியனை மறைப்பதையும், பூமியின் நிழல் நிலவை மறைப்பதையும் எழுதி வைத்தார். 1825-இல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலித' என்ற நூலில் ஒரு விஷயம் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளைத் தரையில் பரப்பி, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் நான்கு நிமிடம்தான் பிசகியது. முடிவு நேரம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிசகியது, அது வேறு. எழுதுகோல் இல்லாமல், காகிதம் இல்லாமல் அவ்வளவு. அவர் செய்தது கணிதம். நாம் அந்தக் கணிதத்தைக் கீழே போட்டுவிட்டு, பயத்தை மட்டும் வாரிசாக எடுத்துக்கொண்டோம்.

இந்த மண்ணில் கிரகணம் தந்த அறிவும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் முழு கிரகணத்தை நிறமாலைமானி வைத்துப் பார்த்தார். அந்தக் கிரகண ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் ஹீலியம் என்ற தனிமம் பிடிபட்டது. சூரியனில் முதலில் கண்டுபிடித்து, பிறகே பூமியில் தேடி எடுத்தார்கள். அவரே 1871 டிசம்பர் 12 அன்று மறுபடி வந்தார், இந்த முறை நம் நீலகிரியில் சோலூருக்கு. அன்று கருநிழல் நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை என்று போய் யாழ்ப்பாணம் தொட்டது. உலகம் கப்பலேறி இங்கே வந்து அண்ணாந்து பார்த்தது. நாம் கதவைச் சாத்திக்கொண்டோம்.

"இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?"

நம் உறவில் பெரியவர்கள் கேட்பது இதுதான். "ஒரு வேளை சாப்பிடாம இருந்தா என்ன ஆகிடும்? முன்னோர் சொன்னது." அவர்கள் மனசு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற அன்புதான் அது. அந்த அன்புக்கு நான் எதிரி அல்ல. குளிப்பதும் ஜபம் செய்வதும் உங்கள் விருப்பம்.

ஆனால் நஷ்டம் இருக்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணி நான்கரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நஷ்டம். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர் நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வழக்கமாக வருவதில் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். உதட்டுப் பிளவோடு பிள்ளை பிறப்பதற்கும் கிரகணத்துக்கும் தொடர்பு இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தாய்மார்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம்!

சம்பிரதாயப்படியே பேசினாலும், கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு அனுஷ்டானம் இல்லை. அதற்காகத்தான் பஞ்சாங்கத்திலேயே "இந்தியாவில் தெரியாது" என்று அச்சடிக்கிறார்கள். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அனுப்புகிறோம். ஆகவே, ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுங்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் போய் வாருங்கள். இரவு சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மாத்திரை கேட்ட என் மகளே, போட்டுக்கொள் தாயி.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள்

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு இது. 1980 பிப்ரவரி 16 அன்று கார்வார், ராய்ச்சூர் வழியாக முழு கிரகணம் போனது. நமக்குப் பெரிய பகுதி கிரகணம். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அறிவியல் பாடம் நடத்தப் போகிற எங்களையே ஜன்னலைச் சாத்தி உள்ளே உட்கார வைத்தார்கள். 1999 ஆகஸ்ட் 11 மாலைக் கிரகணத்துக்கு நான் வேலை பார்த்த பள்ளியில் மூன்று மணிக்கே மணி அடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டினார்கள். பாடப்புத்தகத்தில் படம் போட்டு இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்கிறோம். அதே பாடம் வானத்தில் நடக்கும்போது விடுமுறை விடுகிறோம். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2027 ஆகஸ்ட் 2 பள்ளி நாள். அன்று சீக்கிரம் விடாதீர்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, மாலை வரை வைத்திருங்கள். மைதானத்தில் மேற்குப் பக்கம் மரமோ கட்டடமோ மறைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். உங்கள் ஊருக்கான நேரத்தை ஒரு வாரம் முன்பே பிள்ளைகளைக் கொண்டே தேடச் சொல்லுங்கள். மெனக்கெட வேண்டியது இவ்வளவுதான்:

1. தரச்சான்று உள்ள கிரகணக் கண்ணாடி. எண் ஐ.எஸ்.ஓ. 12312-2. கீறல், ஓட்டை இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

2. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடித் துண்டு, மஞ்சள் தண்ணீர்த் தாம்பாளம் எதுவும் வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. கருகும்போது பிள்ளை அழாது. மறுநாள் கரும்பலகையில் எழுத்து தெரியாதபோதுதான் தெரியவரும்.

3. காசே வேண்டாம் என்றால் ஓர் அட்டையில் ஊசித்துளை போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே சுவரில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியே விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் பிறையாக மாறியிருக்கும்.

4. உலக்கையை நிற்க வைக்க ஆசைப்பட்டால், முந்தின நாளும் ஒரு முறை நிற்க வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும்.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணிக்கு திண்டுக்கல், கரூர், திருச்சிப் பக்கமெல்லாம் நெருப்பு வளையம் தெரிந்தது. அதே நேரம் சென்னையில் வெறும் பிறைதான். அன்று வீட்டுக்குள் இருந்துவிட்டு இரவில் டிவியில் பார்த்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. 2031 மே 21, மதியம் ஒரு மணியை ஒட்டி, தேனி, மதுரை, காரைக்குடி வழியாக வளைய கிரகணம் போகிறது. இந்தியாவில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20, லடாக்கில் கார்கில் பகுதியில். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது ஆகியிருக்கும். யாராவது கூட்டிப் போவதாக இருந்தால் ஸ்வெட்டர் இப்போதே பின்ன ஆரம்பிக்கிறேன்.

கடைசியாக வீட்டுப்பாடம். இனி கிரகணச் செய்தி எது வந்தாலும், அனுப்பியவரிடம் மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது எந்த ஊருக்கு?" பதில் வராவிட்டால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். கேட்டவர்கள் இந்தப் பதிவின் கீழே வந்து, என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் திருத்துவேன், பழக்க தோஷம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்